பிறந்த தேதி தெரியாத மூத்தோர்: புயலையும் தலைவர் மரணத்தையும் வைத்து வயதைக் கணிக்க முடியுமா?

கடலோரத்தான் கேட்டது:

வேதாரண்யம் முதல் தொண்டி வரை உள்ள கடலோர ஊர்களில் எழுபது வயதைத் தாண்டியவர்களின் விவரங்களை ஊர் வரலாற்றுக்காகத் தொகுக்கிறோம். பலருக்குப் பிறப்புப் பதிவு இல்லை. ஆதாரில் வருடம் மட்டும் இருக்கும், இல்லையென்றால் ஜனவரி 1 என்று இருக்கும். வயசு கேட்டால், "பெரிய புயல் அடிச்சப்ப எனக்கு நல்லா வெவரம் தெரியும்", "காந்தி செத்தது லேசா ஞாபகம் இருக்கு" என்றுதான் பதில் வருகிறது. இப்படிச் சொல்வதை வைத்து வயதைக் கணிக்க ஒழுங்கான முறை உண்டா? எங்கெல்லாம் தவறு வரும்?

கணக்கெடுப்பாளர் பதில்:

முறை உண்டு. மக்கள்தொகை ஆய்வுகளில் இதற்கென்றே நிகழ்ச்சி நாட்காட்டி தயாரிப்பார்கள். நாடு முழுக்கத் தெரிந்த சம்பவங்கள் ஒரு பத்தும், வட்டாரத்துக்கே உரியவை ஒரு பத்தும் போதும். உங்கள் பகுதிக்கு நான் வைக்கக்கூடியவை: 1948 ஜனவரி 30 காந்தி கொலை, 1957 ஏப்ரல் 1 நயா பைசா வந்தது, 1962 சீனப் போர், 1964 மே 27 நேரு மரணம், 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிப் புயல், 1965 ஜனவரி இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி, 1967 ஜனவரி 12 எம்.ஜி.ஆர். சுடப்பட்டது, 1969 பிப்ரவரி 3 அண்ணா மரணம், 1975 அக்டோபர் 2 காமராஜர் மரணம்.

இந்தப் பட்டியலைப் பெரியவர் முன்னால் வாசிக்காதீர்கள். வாசித்தால் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்பார்கள். "சின்ன வயசுல ஊரே பேசிக்கிட்ட சங்கதி எது?" என்று கேட்டு, அவர் வாயிலிருந்தே வரவிடுங்கள். வந்த பிறகு வருடத்தையோ வயதையோ கேட்க வேண்டாம். அப்போது அவர் உடம்பும் வீடும் எப்படி இருந்தன என்று கேளுங்கள். பால் பல் விழுந்துவிட்டதா, எந்த வகுப்பு, ஆடு மேய்க்கப் போனாரா, தம்பி தங்கை யார் யார் பிறந்திருந்தார்கள், கைக்குழந்தை யார், பெண் என்றால் பாவாடையா தாவணியா. வயதைச் சொல்வது இந்த விவரங்கள்தான். செய்தி, வருடத்தை மட்டும்தான் தரும்.

நேரடியாக வயதைக் கேட்டால் 70, 75, 80 என்று முழு எண்ணில் வந்து நிற்கும். இந்தியக் கணக்கெடுப்புகளில் 0, 5 என்று முடியும் வயதுகள் எப்போதும் குவிந்து கிடப்பதற்கு இதுவே காரணம்.

உங்கள் பகுதியில் மிகப்பெரிய சிக்கல் "பெரிய புயல்" என்ற சொல். 1952 நவம்பர் 30 புயல் நாகப்பட்டினம் பக்கம் கரை கடந்தது. 1955 புயல் நவம்பர் கடைசியில், டிசம்பர் பிறக்கும்போது, தஞ்சையின் தென்கரையையும் ராமநாதபுரத்தையும் அடித்தது. பிறகு 1964, அதன்பின் 1977 நவம்பர் 12. எதைச் சொல்கிறார் என்று தெரியாமல் கணக்குப் போட்டால் இருபத்தைந்து வருடம் வரை பிசகும். பண்டிகையை ஒட்டிக் கேளுங்கள். 1977 புயல் தீபாவளி முடிந்த கையோடு வந்தது. 1964 புயல் மார்கழித் திருவாதிரைக்கு இரண்டு மூன்று நாள் கழித்து. 1952, 1955 இரண்டுமே கார்த்திகை தீபத்தை ஒட்டி வந்தவை என்பதால் அவற்றைப் பண்டிகை பிரித்துக் காட்டாது. அங்கே உடன்பிறந்தோர் கணக்குதான் கைகொடுக்கும்.

நினைவாய்வு பதில்:

மேலே சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. பெரியவர்களுக்கு எஞ்சியிருக்கும் மிகப் பழைய நினைவு பொதுவாக மூன்று, மூன்றரை வயதைச் சேர்ந்தது. ஆனால் அது வீட்டுக்குள் நடந்ததாக இருக்கும்: தம்பி பிறந்தது, வீடு மாறியது. ஊருக்கு வெளியே நடந்த ஒரு மரணம் மனதில் நிற்க, "இது பெரிய சங்கதி" என்று குழந்தைக்குப் புரிய வேண்டும். அதற்குப் பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதாவது ஆகும். புயல் மட்டும் விதிவிலக்கு. கூரை பறந்ததும் தண்ணீர் உள்ளே வந்ததும் அந்தக் குழந்தைக்கே நடந்தவை என்பதால் நான்கு வயதிலேயே பதிந்துவிடலாம்.

எனவே ஒரு செய்தி நினைவிருந்தால் குறைந்தபட்ச வயது கிடைக்கும். நினைவில்லை என்றால் எதுவும் கிடைக்காது. "நேரு செத்தது ஞாபகம் இல்லை, அதனால் 1960க்குப் பிறகு பிறந்தவர்" என்று எழுதிவிடாதீர்கள். அந்த வீட்டுக்கு ரேடியோவும் பேப்பரும் வராமலே இருந்திருக்கலாம்.

அடுத்தது, உறுதியாகச் சொல்வதாலேயே அது சரி என்று ஆகாது. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, அந்தச் செய்தியை எப்படி அறிந்தார்கள் என்று அமெரிக்காவில் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். சுமார் மூன்று ஆண்டு கழித்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டபோது 44 பேரில் 11 பேர் சொன்னதில் ஒன்றுகூடப் பழைய பதிலோடு பொருந்தவில்லை. அவர்களில் பலர் தங்கள் நினைவு சரிதான் என்று முழு நம்பிக்கையோடு இருந்தார்கள்.

நம் ஊரில் இது நடக்கும் வழிகள் வேறு. நேருவின் இறுதி ஊர்வலத்தை "பார்த்தேன்" என்பவர், டூரிங் டாக்கீஸில் படத்துக்கு முன் ஓடிய செய்திப்படத்தை எத்தனையோ வாரம் கழித்துப் பார்த்திருப்பார். சுதந்திரம் வந்த அன்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள் என்பது இன்னும் சந்தேகத்துக்குரியது, ஏனென்றால் அந்த மிட்டாய் ஒவ்வோர் ஆகஸ்ட் 15க்கும் கொடுத்ததுதான். அணாக் காசில் கடையில் வாங்கினேன் என்பதும் 1957க்கு முந்தையது என்று ஆகாது, பழைய காசுகள் அதன்பின்னும் சில வருடங்கள் புழங்கின. இப்படிப்பட்ட நினைவுகளைத் தனியாகக் குறித்துவையுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடலோரத்தான்:

மிக்க நன்றி. தொண்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் சொன்னது இது: "தனுஷ்கோடி அழிஞ்ச ராத்திரி, நடக்கத் தெரியாத தம்பிய இடுப்புல தூக்கிக்கிட்டு மச்சு வீட்டுக்கு ஓடுனேன். அண்ணா செத்தப்ப நான் வயசுக்கு வந்து ஆறு மாசம் இருக்கும். நயா பைசா வந்ததெல்லாம் தெரியாது." ஆதாரில் 1950 என்று இருக்கிறது. எப்படிக் கணக்குப் போடுவது?

கணக்கெடுப்பாளர்:

நல்ல தகவல், இரண்டு நங்கூரம் இருக்கிறது. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு ஓட ஏழு வயதாவது வேண்டும். ஆகவே பிறப்பு 1957 அல்லது அதற்கு முன். வயதுக்கு வந்தது 1968 ஆகஸ்ட் வாக்கில். அந்தக் காலத்துக் கிராமத்தில் 13 முதல் 15 வயது என்று வைத்தால் பிறப்பு 1953க்கும் 1955க்கும் இடையில். ஆதார் கணக்குப்படி 18 வயதில் என்று வருகிறது, அது பொருந்தவில்லை. நயா பைசாவை விட்டுவிடுங்கள். அப்போது அவருக்கு இரண்டு முதல் நான்கு வயது என்பதால் முரண்பாடு இல்லை, ஆனால் சான்றும் இல்லை.

"1954, ஓராண்டு முன்பின்" என்று எழுதி, எந்த நினைவிலிருந்து கணித்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். இதை வைத்து ஆதாரைத் திருத்த முயல வேண்டாம், இது ஊர் வரலாற்றுக்கான மதிப்பீடு மட்டுமே. அந்தத் தம்பிக்குப் பள்ளிச் சான்று இருந்தால் அவர் வயதையும் சரிபாருங்கள். 1963 பிற்பகுதி அல்லது 1964 என்று வந்தால் புயல் நினைவு உறுதியாகும். 1954 என்று வந்தால் பாட்டி சொல்வது 1955 புயலாக இருக்கலாம், கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

பஞ்சாங்கப்பித்தன் பதில்:

பாட்டிக்குப் பிறந்த மாதம், நட்சத்திரம், கிழமை தெரியுமா என்று கேட்டீர்களா? வருடம் மறந்தவர்கள்கூட "ஆவணி மாசம், ரோகிணி, வெள்ளிக்கிழமை" என்று சொல்வார்கள். வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது அதுதான். ஒரு தமிழ் மாதத்தில் ஒரு நட்சத்திரம் ஒரு முறைதான் வரும், எப்போதாவது இரண்டு முறை. அது குறிப்பிட்ட கிழமையில் விழுவது ஏழில் ஒரு வாய்ப்பு. ஆகவே 1953 முதல் 1955 வரை, அதாவது விஜய, ஜய, மன்மத ஆண்டுப் பஞ்சாங்கங்களைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே தேதிதான் பொருந்தும், அல்லது எதுவுமே பொருந்தாது. பொருந்தாவிட்டால் இரு பக்கமும் ஒவ்வோர் ஆண்டு தள்ளிப் பாருங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நட்சத்திரம் முடியும் நேரம் சில மணி வித்தியாசப்படும். இரவில் பிறந்தவர் என்றால் இரண்டையும் பார்க்க வேண்டும். அதிகாலையில் பிறந்தவர்களுக்குக் கிழமையும் இடறும். சூரிய உதயத்துக்கு முன் பிறந்தால் வீட்டில் முந்தின நாள் கிழமையைச் சொல்லுவார்கள்.

பத்திரக்கட்டு பதில்:

ஒரு சிறு சேர்க்கை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை நம்பும்போது கவனம். தலைக்கு மேல் கையைச் சுற்றி மறுபக்கக் காதைத் தொட வைத்துச் சேர்த்துக்கொண்ட காலத்தில், ஐந்து வயது நிரம்பியதாகக் காட்டத் தேதியை ஆசிரியரே போட்டார். மே, ஜூன் தேதிகளாகவே இருந்தால் அது அப்படி வந்ததுதான். கிராம முன்சீப் எழுதிய பழைய பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது, "பெண்" என்றும் பெற்றோர் பெயரும்தான் இருக்கும். பாட்டி பெயரில் தேடினால் கிடைக்காது, அவருடைய அப்பா பெயரில் தேடுங்கள். குடும்பச் சொத்துப் பத்திரங்களையும் பாருங்கள். "மைனர், கார்டியன் தகப்பனார்" என்று எங்காவது இருந்தால், அந்தப் பத்திரத் தேதியில் அவருக்கு 18 நிரம்பவில்லை என்று கொள்ளலாம்.