உகரம் எங்கே போயிற்று? ஒரு சொப்ரானோ கச்சேரி கேட்டவர்களின் அனுபவங்கள்

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

சென்ற மாதம் லயனல் வென்ட் அரங்கில் ஓர் இளம் சொப்ரானோ (மேற்கத்திய இசையில் மிக உயர்ந்த பெண்குரல்) பாடகியின் தனிப்பாடல் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் நாற்பது ஆண்டுகளாகக் கச்சேரி கேட்டுப் பழகிய எனக்கு முதலில் கண்ணில் பட்டது மேடையின் வெறுமைதான். ஒரு பியானோ, அதன் வளைவில் கை வைத்தபடி நிற்கும் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். ஒலிவாங்கியும் இல்லை, தம்பூராவும் இல்லை. முதற்பாட்டு முடிந்ததும் நான் கைதட்டிவிட்டேன். ஒரு தொகுதிப் பாடல்கள் அனைத்தும் முடிந்த பின்னரே தட்டுவது அவர்கள் வழக்கம் என்பது, முன்வரிசையில் நான்கைந்து தலைகள் திரும்பியபோதுதான் விளங்கியது.

என்னை ஆட்கொண்டது இசையமைப்பாளர் ஷூபேர்ட் 1814 ஒக்டோபரில், தமது பதினேழாவது வயதில், ஜேர்மன் கவிஞர் கோதேயின் நாடகத்திலிருந்து வரிகளை எடுத்து இசையமைத்த பாடல். காதலனை நினைத்தபடி கிரெட்சன் என்ற பெண் இராட்டையில் நூல் நூற்கிறாள். பியானோவின் வலக்கை இராட்டையாகவே இடைவிடாது சுழல்கிறது. இடக்கையில் அவளது கால்மிதி கேட்கிறது. அவனுடைய பார்வை, பேச்சு, கைப்பிடி என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனவள் அவனது முத்தத்தை நினைத்ததும் இராட்டை நின்றுவிடுகிறது. அந்த மௌனத்தில் பாடகி அசையவில்லை. பியானோ மேலிருந்த கை விரல்கள் மாத்திரம் மெல்ல மடங்கின. பிறகு இராட்டை தயங்கித் தயங்கி, ஒருமுறை முயன்று நின்று, மறுபடி முயன்று, பழைய ஓட்டத்தைப் பிடித்தது. நிரவலில் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வந்து உருக வைக்கும் எங்கள் பாடகர்களை நினைத்துக்கொண்டேன். இங்கே ஒரு நிறுத்தமே அந்த வேலையைச் செய்தது.

தெஹிவளை, கர்நாடக சங்கீதம் பயிலும் மாணவி ஒருவரின் தாய்:

ஐயா, நானும் அன்று பின்வரிசையில் இருந்தேன். குரலின் வலிமையை மறுக்க மாட்டேன். ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல் அது என் இருக்கை வரை வந்து சேர்ந்தது. ஆனால் சாகித்தியம், பாட்டின் சொற்கள், எங்கே? ஜேர்மன் மொழி எனக்குத் தெரியாதுதான். எனினும் நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருந்த வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டேன். கீழ் ஸ்தாயியில் எழுத்துக்கு எழுத்து பொருந்தி வந்தது. மேலே ஏறியதும் எழுத்து மாறிவிட்டது: நீங்கள் சொன்ன அந்த முத்தத்துக்கு உரிய சொல் 'குஸ்' என்று இருக்க, என் காதில் விழுந்ததோ 'காஸ்'. என் மகள் இப்படிப் பாடினால் அவளுடைய ஆசிரியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். அன்றியும், அரங்கம் முழுவதும் ஒரே நேரத்தில் தாள் புரட்டிய சரசரப்பு, மிக மென்மையான ஓர் இடத்தை விழுங்கிவிட்டது. அது பாடகியின் பிழையன்று, எங்களுடையது.

கொட்டாஞ்சேனை, தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவர்:

அக்கா, உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஆனால் அதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூலச் சுருதியில் அந்தச் சொல் விழும் சுரம் செக்கனுக்கு ஏறத்தாழ 784 அதிர்வு. ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் எங்கள் பாடகிக்கு அது அதிதார ஷட்ஜம், அதாவது மத்திய ஷட்ஜத்துக்கு இரண்டு ஸ்தாயி மேலே. கச்சேரியில் யாரும் அங்கே போய்ச் சாகித்தியம் சொல்வதில்லை. தொல்காப்பியர் உகரத்தை இதழ் குவிந்து பிறக்கும் உயிர்களுள் வைத்தார். அப்படிக் குவிக்கும்போது வாயறையின் இயல்பான ஒத்ததிர்வு, அதாவது அது தானாகவே வலுப்படுத்தும் ஒலியின் உயரம், செக்கனுக்கு 300, 400 அதிர்வு அளவில்தான் நிற்கும். பாடும் சுரம் அதனிலும் இரு மடங்கு உயரத்தில் இருக்கையில், இதழைக் குவித்தே வைத்திருந்தால் குரல் மெலிந்து பியானோவுக்குள் அமிழ்ந்துவிடும். ஆகவே பாடகி தாடையை இறக்கி, வாயறையின் ஒத்ததிர்வைச் சுரத்தின் உயரத்துக்குக் கொண்டுவருகிறார். உகரம் அகரத்தின் பக்கம் சாய்கிறது. ஒலிவாங்கி இல்லாத மேடையில் கடைசி வரிசை வரை எட்டுவதற்குச் செலுத்தும் விலை அது. எங்கள் குழுவிலும் மேற்குரல் பாடும் பிள்ளைகளுக்கு இதைப் பழக்க மாதக்கணக்காகும்.

ஒரு குறை எனக்கும் உண்டு. இசையமைப்பாளர் றிச்சட் ஸ்ட்ராவ்ஸ் 1894இல் தம் மணமகளுக்குத் திருமணப் பரிசாக அளித்த பாடல்களுள் ஒன்றான 'நாளை' அன்று கடைசியாக வந்தது. பியானோ நெடுநேரம் தனித்து வாசித்த பிறகு, பேச்சின் நடுவிலிருந்து தொடங்குவதுபோல் 'மேலும்' என்ற சொல்லோடு குரல் நுழைய வேண்டும். பாடகி அதற்கு முன்னரே மூச்சை இழுத்து, தோளை உயர்த்தி, இதோ பாடப் போகிறேன் என்று காட்டிவிட்டார். இளவயதுப் பதற்றம்; இன்னும் சில மேடைகள் ஏறினால் போய்விடும்.

தெஹிவளையிலிருந்து மீண்டும்:

தம்பி, உங்கள் விளக்கத்தை வாசித்த கையோடு சுருதிப் பெட்டியை ஐந்து கட்டையில் வைத்து மகளை அழைத்தேன். மத்திய ஸ்தாயியில் 'உ' கச்சிதமாக நின்றது. தார ஷட்ஜத்திலும் நின்றது. தார பஞ்சமத்தில் உதடு தானாகவே விரிந்தது; குவித்துப் பிடி என்றதும் குரல் நூலாக இளைத்துவிட்டது. "அம்மா, வாயைத் திறக்கவா, எழுத்தைக் காப்பாற்றவா?" என்று கேட்டாள். திற என்றேன். அவளுடைய ஆசிரியையிடம் மாத்திரம் இதைச் சொல்லிவிட வேண்டாம்.