தேர்தல் முடிந்து திரும்பிய துப்பாக்கி

நாகலூர் காப்பித் தோட்டக்காரர்:

2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மார்ச் 16 அன்று நடத்தை விதிகள் வந்ததும், வழக்கம்போல் தாத்தாவின் 12 போர் (bore) இரட்டைக் குழல் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் அது எதையும் சுட்டதில்லை. துடைப்பதற்காகவே இருக்கும் துப்பாக்கி அது. கோடை மழையெல்லாம் பெய்து ஓய்ந்து, ஜூனில் திரும்ப வாங்கி உறையைப் பிரித்தபோது, வலக்குழலின் நடுவே நான்கு விரல்களின் தடம் செந்துருவாக எழுந்து நின்றது. வியர்த்த கையால் எவனோ பிடித்திருக்கிறான் என்று எழுத்தரிடம் குரலை உயர்த்திவிட்டேன். அவர் பதில் பேசாமல் உறையின் கயிற்றைக் காட்டினார். ஒப்படைத்த நாளில் துப்பாக்கியின் வரிசை எண்ணைச் சரிபார்த்த பின் நானே போட்ட முடிச்சு, அவிழ்க்கப்படாமல் அப்படியே வந்திருந்தது. தடத்தின் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். விரலுக்கு விரல் பொருந்தியது.

அஸ்தம்பட்டிவாசி:

உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் ஒப்படைக்கவும் சட்டம் இடம் தருகிறது, அண்ணா. வாடகை கொஞ்சம் போகும், ஆனால் எண்ணெய் போட்டு வைப்பார்கள்.

2019 திருத்தத்தில் மூன்று துப்பாக்கி என்ற வரம்பு இரண்டாகக் குறைந்தபோது, அப்பா தம்மிடமிருந்த மூன்றில் ஒன்றை விடவேண்டி வந்தது. அப்புச்சி கொடுத்த பாயிண்ட் 22 ரைபிளைத் தேர்ந்தெடுத்தார். கடை மேசையில் வைப்பதற்கு முன், முப்பது ஆண்டுகளாகத் தோட்டாவே காணாத அந்த ரைபிளின் போல்ட்டை இழுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று கடைக்காரரிடம் காட்டினார். எனக்குப் பழக்கிய முதல் பாடம் அது. அன்று அவர் கை நடுங்கியது.

குறிசுடும் சேலத்துக்காரர்:

மேலே சொன்னவருக்கு ஒரு திருத்தம். மத்திய அரசு அங்கீகரித்த ரைபிள் கழகத்தின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் பாயிண்ட் 22 ரைபிளுக்கு அந்த வரம்பு பொருந்தாது. உங்கள் அப்பா உறுப்பினராக இருந்து அதைப் பயிற்சிக்குப் பயன்படுத்தியிருந்தால் அந்த ரைபிளைக் கொடுத்திருக்கவே வேண்டாம்.

என் அனுபவம் சிறியது: வாங்கிய பழைய தோல் பெட்டியிலேயே ஒரு மழைக்காலம் முழுவதும் வைத்து, துப்பாக்கியைப் பாழாக்கினேன். தோலும் வெல்வெட்டும் ஈரத்தை உறிஞ்சி இரும்புக்கே கொடுக்கும். ஏற்காட்டு மூடுபனியில் கேட்கவே வேண்டாம். நாகலூர் ஐயா செய்யவேண்டியது இதுதான். குழல்களைக் கழற்றி, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, கொதிநீரில் சிறிது நேரம் வையுங்கள். செந்துரு கருமையாக மாறும், அதன் பின் மென்மையான கம்பிப் பஞ்சால் தேய்த்தால் அடியில் உள்ள நீலப்பூச்சு பெரும்பாலும் தப்பும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பூச்சோடு போய்விடும். அலமாரியில் குழல்வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், இல்லாவிட்டால் எண்ணெய் வழிந்து கட்டையின் தலைப்பகுதியை ஊறவைத்துவிடும். இன்னொன்று: பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 65 மி.மீ. தான். இன்றைய 70 மி.மீ. தோட்டா தடையின்றி உள்ளே போகும், ஆனால் சுடும்போது தோட்டா முனையின் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலில் அலையலையாகக் கோடுகள் தெரிந்தால் அது டமாஸ்கஸ், அதாவது இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சேர்த்து அடித்த குழல். புகையற்ற மருந்தைத் தாங்கும் என்று சோதித்துக் குத்திய நைட்ரோ முத்திரை இல்லாமல் அதில் புகையற்ற மருந்துத் தோட்டாவைப் போட நினைக்கவே கூடாது.

நாகலூர் காப்பித் தோட்டக்காரர்:

அளந்து பார்த்தேன். அறை 65, பெட்டியில் இருக்கும் தோட்டாக்கள் அத்தனையும் 70. அவற்றை வணிகரிடம் கொடுத்துவிடுகிறேன், நன்றி. தடத்துக்கு எண்ணெய் மட்டும் போட்டு, துரு பரவாமல் நிறுத்தியிருக்கிறேன். கொதிநீர் வைக்க மனம் வரவில்லை. அடுத்த தேர்தலுக்கும் அதே நிலையத்துக்குத்தான் போகவேண்டும், அந்த எழுத்தரிடம் இன்னும் நான் ஒன்றும் சொல்லவில்லை.