பதிப்பகம் சேர்ப்பது பக்க எண் மட்டும்தானா?

அரைப்பக்கம்:
நேற்று வேறொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார்: "காப்புரிமையை எழுதிக் கொடுத்த பிறகு சொந்தக் கட்டுரையை இணையத்தில் ஏற்றுவதும் திருட்டுதான்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஆய்வு செய்தவன் நான், எழுதியவன் நான். மதிப்பாய்வு செய்த இருவருக்கும் காலணா கிடையாது. செலவானது பொதுப்பணம். பதிப்பகம் என்ன சேர்த்தது? பக்க எண். அந்த பக்க எண்ணுக்காக நான் என் கட்டுரைக்கே திருடனா?

பிழைதிருத்தி:
அந்த இழையில் அப்படி எழுதியவன் நான்தான். என் பெயரையே போட்டிருக்கலாமே, என்ன பயம்?
பக்க எண்ணா? 11 வருஷமாக ஆய்விதழ்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். ஒருமுறை வந்த கட்டுரையில் மைக்ரோவைக் குறிக்கும் மியூ (μ) எழுத்தை சிம்பல் எழுத்துருவில் அடித்திருந்தார்கள். கோப்பு மாற்றும்போது எழுத்துரு கழன்றுபோய் மியூ எல்லாம் 'எம்' ஆகிவிட்டது. 5 மைக்ரோகிராம் போய் 5 மில்லிகிராம். ஆயிரம் மடங்கு. விஷயம் மருந்தளவு, ஐயா. மெய்ப்பு நாலு ஆசிரியர்களிடம் போய் "ஓகே" என்று திரும்பி வந்தது. அட்டவணையில் ஒரு இடத்தில் மட்டும் மியூ தப்பியிருந்ததால் எனக்குச் சந்தேகம் தட்டியது. இதுவா பக்க எண்?

அரைப்பக்கம்:
கோப்பை மாற்றியது யார்? உங்கள் ஆட்கள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டியதற்குக் கூலி கேட்கிறீர்கள்.

பிழைதிருத்தி:
சிம்பல் எழுத்துருவில் அடித்தது யார்?

நூலகப்படி:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்கான பேடண்ட். கட்டுரைக்கு இருப்பது பதிப்புரிமை. அதுவும் எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான், கண்டுபிடிப்புக்கோ தரவில் உள்ள உண்மைக்கோ கிடையாது. அடுத்து, மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட உங்கள் கோப்பு வேறு, பதிப்பகம் வடிவமைத்து வெளியிட்ட பிடிஎஃப் வேறு. முதலாவதைக் கொஞ்ச காலம் கழித்து ஏற்றிக்கொள்ளப் பல பதிப்பகங்கள் ஒப்பந்தத்திலேயே அனுமதிக்கின்றன. அமெரிக்காவின் தேசிய நல்வாழ்வு நிறுவனங்கள், தங்கள் பணத்தில் நடந்த ஆய்வின் கட்டுரைகளை இலவசமாகத் திறந்துவிட 2008இல் 12 மாதக் கெடு வைத்தன. 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை. நீங்கள் ஏற்றியது எந்தக் கோப்பு?

அரைப்பக்கம்:
எந்தக் கோப்பாக இருந்தால் என்ன? உள்ளே இருப்பது என் மூளை. ஓரத்தில் இருப்பது அவர்கள் பக்க எண்.

பிழைதிருத்தி:
பதில் சொல்லமாட்டார். ஏற்றியது பதிப்பகப் பிடிஎஃப். நான் பார்த்தேன். எதுவும் சேர்க்கவில்லை என்றால் சேர்க்காத கோப்பையே போட வேண்டியதுதானே? அது அசிங்கமாக இருக்கிறது, இல்லையா?

பழையகணக்கு:
வந்துட்டேன். போன வருஷம் பேடண்ட் இழையில் இதே அரைப்பக்கம் என்ன சொன்னார்? "விண்ணப்பிக்கும்வரை யாருக்கும் காட்டாதே, ஐரோப்பாவில் முன்பே வெளியிட்டால் புதுமை போச்சு, அமெரிக்காவில்தான் ஒரு வருஷ அவகாசம்." அன்றைக்கு அறிவு பூட்டி வைக்க வேண்டிய சொத்து. இன்றைக்கு மானுடத்தின் பொதுச்சொத்து. என்னை அன்று "விஷயம் தெரியாதவர்" என்றதும் ஞாபகம் இருக்கிறது.

அரைப்பக்கம்:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு வருஷமாகவா இதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?

நூலகப்படி:
சம்பந்தம் உண்டு. அதனால்தான் காப்புரிமை, பதிப்புரிமை இரண்டையும் பிரித்துச் சொன்னேன். விடுங்கள்.

சும்மாபார்ப்பவன்:
இங்கே கட்டணக் கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தின் பக்கம் போகாத யோக்கியர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். அலெக்சாந்திரா எல்பக்யான் என்ற பெண் 2011இல் தனியாளாக ஆரம்பித்தது. 2017இல் நியூயார்க் நீதிமன்றம் எல்செவியர் பதிப்பகத்துக்கு 1.5 கோடி டாலர் கொடு என்றது. தளம் அதன் பிறகும் ஓடியது.

பிழைதிருத்தி:
ஓடுகிறது என்பதால் சரியாகிவிடுமா? அங்கே கிடைக்கிற பிடிஎஃபிலும் நான் திருத்திய வரிகள் இருக்கின்றன. பக்க எண்ணை மட்டுமா பதிவிறக்குகிறார்கள்?

அரைப்பக்கம்:
சரி, நேர்மையாக ஒன்று கேட்கிறேன். நேச்சர் இதழில் 2021இல் திறந்த அணுகல், அதாவது யாரும் காசில்லாமல் படிக்கும் முறை, தொடங்கியபோது ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. படிக்கிறவனிடம் வாங்கியதை எழுதுகிறவன் பக்கம் திருப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். அதில் உங்களுக்கு எவ்வளவு வரும்?

பிழைதிருத்தி:
என் வயிற்றெரிச்சலைக் கிளறாதீர்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு, அதையும் இரண்டு மாதம் கழித்துத் தருவார்கள். பதிப்பகம் கொள்ளையடிக்கிறது என்று சொல்லுங்கள், நானும் கூட நின்று கத்துகிறேன். ஆனால் "பக்க எண் மட்டும்" என்றீர்களே, அது பதிப்பகத்துக்கு விழுந்த அடி இல்லை, எனக்கு விழுந்தது. அதை வாபஸ் வாங்குங்கள்.

சும்மாபார்ப்பவன்:
ஒரு தகவல்: பிளாஸ் ஒன் இதழில் தொடர் பக்க எண்ணே கிடையாது, கட்டுரை எண்தான்.

அரைப்பக்கம்:
பார்த்தீர்களா! செய்துகொண்டிருந்த ஒரே வேலையையும் நிறுத்திவிட்டார்கள்.

பிழைதிருத்தி:
யாருய்யா இவரைக் கூப்பிட்டது? அதுவும் பக்க எண் இல்லாமலே கட்டணம் வாங்குகிற இதழ். அப்படியானால் காசு எதற்கு? யோசியுங்கள்.
இன்னொன்று. தொடக்கப் பதிவில் "அந்த பக்க எண்ணுக்காக" என்று இருக்கிறது. "அந்தப் பக்க" என்று வரவேண்டும். ஒரு 'ப்' விட்டுப்போயிற்று. இத்தனை பேர் படித்தும் யாருக்கும் தெரியவில்லை.

பழையகணக்கு:
பேடண்ட் இழையிலும் இவருக்கு ஒற்று வராது.

அரைப்பக்கம்:
ஒற்றுப் போலீஸ் வந்தாச்சு. என் கட்டுரையின் மெய்ப்பில் ஒரு மைனஸ் குறியைத் தின்றுவிட்டு, 48 மணி நேரத்துக்குள் பார்த்துச் சொல் என்று அனுப்பினார்களே, அந்த ஆள் நீங்கள்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

பிழைதிருத்தி:
எந்த இதழ்? எந்த வருஷம்? சொல்லுங்கள், நான் இல்லை என்று நிரூபிக்கிறேன்.

அரைப்பக்கம்:
இதழின் பெயரை இங்கே போடமாட்டேன்.

பிழைதிருத்தி:
போடமாட்டீர்கள். குற்றச்சாட்டுக்கு மட்டும் திறந்த அணுகல், ஆதாரத்துக்குச் சந்தாவா?

நூலகப்படி:
ஏற்றியது எந்தக் கோப்பு என்று இரண்டாவது முறையாகக் கேட்கிறேன். ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியைப் படித்தால் போதும்.

அரைப்பக்கம்:
ஒப்பந்தத்தை யார் படிக்கிறார்கள்? பெட்டியைச் சொடுக்கினால்தான் கட்டுரை அடுத்த படிக்கே போகும்.

பிழைதிருத்தி:
படிக்காமல் சொடுக்கினாராம். மெய்ப்பையும் இப்படித்தான் "ஓகே" என்று அனுப்பியிருப்பார், மைனஸ் போகாமல் என்ன செய்யும்? எனக்கு ராத்திரிக்குள் முடிக்க வேண்டிய 32 பக்கம் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன். வாபஸ் இன்னும் வரவில்லை.

அரைப்பக்கம்:
வாருங்கள். 32 பக்கத்துக்கும் எண் போட்டுவிட்டு வாருங்கள்.