மார்கழியில் எங்கள் வயலில் விழுந்த ட்ரோன்

திருநெல்வேலி மாவட்டம் கல்லிடைக்குறிச்சிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நெல் வயல். போன பிசான சாகுபடியில் இலைச்சுருட்டுப் புழு விழுந்ததும் ட்ரோனில் மருந்தடிக்கச் சொன்னேன். கையால் அடித்தால் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் வேண்டும், ஆளும் கிடைப்பதில்லை. ட்ரோனுக்கு 10 லிட்டர் போதும், பத்து நிமிஷத்தில் ஒரு ஏக்கர் முடிந்துவிடும். அதற்கு முந்தைய பருவமான கார் சாகுபடியிலும் இதே பையன்தான் அடித்துக் கொடுத்தான். பயிற்சி முடித்து பைலட் சான்றிதழ் வாங்கியவன், பொறுப்பானவன்.

காலை ஏழு மணி. பாதி வயல் வரை ஒழுங்காகப் போய் வந்தது. தென்கிழக்கு மூலையில் திரும்பும்போது டக்கென்று ஒரு சத்தம். ஒரு பக்கம் சாய்ந்து, சுழன்று, நெல்லுக்குள் விழுந்துவிட்டது.

வரப்பில் நின்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வாடைக் காற்று தள்ளிவிட்டது என்றார் ஒருவர். பேட்டரி செத்துவிட்டது என்றார் இன்னொருவர். பையன் வயலைப் பார்க்காமல் ரிமோட்டையே பார்த்தான் என்றுதான் நிறையப் பேர் சொன்னார்கள். பல லட்ச ரூபாய் மெஷின், அதுவும் அவன் சொந்தம் இல்லை. அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அப்போதுதான் பெரியப்பா வந்தார். விமானப்படையில் தரைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். "ஏலே, ஒருத்தனும் கிட்ட போவாதீங்க. முதல்ல மடையை அடைங்க" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. டேங்கில் நாலு லிட்டர் மிச்சம் இருந்தது. கேட்டால் கொஞ்சம்தான். ஆனால் ட்ரோன் மருந்து கெட்டியாகக் கலப்பது. அந்த நாலு லிட்டரில் 40 சென்ட் நிலத்துக்கான மருந்து இருக்கிறது. அது வடிகாலில் இறங்கினால் கீழே மாடு குடிக்கும், பெண்கள் துணி துவைப்பார்கள். மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைத்தோம்.

அப்புறம் எதையும் அசைக்காமல் நாலு பக்கமும் போட்டோ எடுக்கச் சொன்னார். ரிமோட்டில் மோட்டார் எல்லாம் நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் பையனை உள்ளே விட்டார். லித்தியம் பேட்டரி அடிபட்டால் கொஞ்ச நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும் என்பதால், அதைக் கழற்றி வைக்கோல் படப்புக்குத் தூரமாக மணலில் வைத்தார்கள்.

ட்ரோன் பறந்த பதிவைத் திறந்து பார்த்தோம். பயிருக்கு மேல் இரண்டரை மீட்டர் உயரம், சார்ஜ் பாதிக்கு மேல், ஜிபிஎஸ் சரி. கடைசி நொடியில் ஒரு மோட்டார் மட்டும் திணறியிருக்கிறது. அந்த மோட்டாரைத் தாங்கும் ட்ரோன் கையைத் துடைத்துப் பார்த்தால், கருப்புக் கார்பன் குழாயில் வெள்ளியாக ஒரு கீறல். பெரியப்பா நிமிர்ந்து மூலையைப் பார்த்தார். மின்கம்பத்திலிருந்து சாய்வாக வயலுக்குள் இறங்கும் ஸ்டே கம்பி, கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டுவது. அதில் ஏறக்குறைய இரண்டு ஆள் உயரத்தில் கருப்புத் தடம்.

கார் அறுவடைக்குப் பிறகுதான் பக்கத்து வயல் மோட்டாருக்காக அந்தக் கம்பம் வந்தது. ஸ்டே கம்பிக்கு என் வயலில் இடம் கொடுத்தவன் நான். பையன் ஓட்டியது கார் சாகுபடியின்போது அளந்து வைத்த பழைய எல்லையை வைத்து. அதில் கம்பி இல்லை. ட்ரோனின் ரேடாருக்கும் அவ்வளவு மெல்லிய கம்பி தெரியவில்லை. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

வெளிநாடுகளில் மருந்து தூவும் விமானங்களும் பயிருக்கு மேல் மூன்று, நாலு மீட்டரில்தான் பறக்கும், அவற்றுக்கும் பெரிய எமன் மின்கம்பிதான் என்று பெரியப்பா சொன்னார். விமான விபத்தை விசாரிப்பது யார் தலையிலும் பழி போட அல்ல, மறுபடி நடக்காமல் தடுக்கத்தான். உலகம் முழுக்க அதுதான் விதி என்றும் சொன்னார். பையனைத் திட்டியவர்கள் பேசாமல் கலைந்து போனார்கள். 2021 ட்ரோன் விதிப்படி விபத்தை 48 மணி நேரத்துக்குள் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுத நானும் அவனோடு உட்கார்ந்தேன். கம்பி விஷயத்தை நான் சொல்லாததையும் எழுதச் சொன்னேன்.

மருந்து கொட்டிய இடத்தில் ஒரு பாய் அகலத்துக்கு நெல் கருகிப் போனது. ஸ்டே கம்பியில் சிவப்புச் சாக்கு கட்டியிருக்கிறேன். அடுத்த கார் சாகுபடிக்குப் பையன் வந்தபோது ட்ரோனை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. "அண்ணாச்சி, போன தடவைக்குப் பிறகு புதுசா ஏதாவது நட்டிருக்கீங்களா? வாங்க, வரப்பு ஓரமா ஒரு சுத்து நடந்துட்டு வருவோம்" என்றான்.