மண் பரிசோதனையும் உர அளவும்: வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்கான அனுபவப் பகிர்வு

மண் மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். ஆய்வகத்தில் சோதிப்பது சில கிராம் மண்ணைத்தான். தோட்டம் முழுவதற்கும் அதுதான் சாட்சி. ஒரே இடத்தில் தோண்டி அனுப்பினால் அந்தக் குழியைப் பற்றி மட்டும்தான் தெரியவரும்.

மேலே கிடக்கும் சருகு, மூடாக்கு, புல்லை ஒதுக்கிவிட்டு ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டுங்கள். வெட்டிய மண்ணை வெளியே தள்ளிவிட்டு, குழியின் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை 2 செ.மீ. தடிமனில் சீவி எடுங்கள். தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக 8 முதல் 10 இடங்களில் இப்படி எடுக்க வேண்டும். வரப்பு, மரத்தடி, எருக்குழி ஓரம், தண்ணீர் தேங்கும் மூலை ஆகியவை வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைக் கழித்துவிடுங்கள். அரை கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்யலாம். நிழலில் உலர்த்தி அனுப்புங்கள். வெயிலிலோ அடுப்பின் மேலோ காயவைத்தால் சத்துகளின் அளவு மாறிவிடும். பயிர் முடிந்து, அடுத்த அடியுரம் (நடவுக்கு முன் இடும் உரம்) போடுவதற்கு முந்தைய இடைவெளிதான் மாதிரிக்கு ஏற்ற நேரம்.

* * *

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் மண்ணைக் கலந்தால் அறிக்கையில் துத்தநாகம் கூடிக் காட்டும். துருப்பிடித்த மண்வெட்டி இரும்புச்சத்தைக் கூட்டும். உரச்சாக்கில் கட்டி அனுப்பிய மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிளாஸ்டிக் வாளி, சுத்தமான துணிப்பை, பென்சிலால் எழுதிய சீட்டு போதும். பேனா எழுத்து ஈரத்தில் ஊறிவிடும்.

* * *

பி.எச். (மண்ணின் அமில-கார அளவு) மட்டும் பார்க்க வேண்டுமானால் வீட்டிலேயே முடியும். சலித்த மண் 20 கிராம், காய்ச்சி வடித்த நீர் 50 மி.லி.; அதாவது 1:2.5. அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கிவிட்டு, பேனா வடிவ மீட்டரை மேலே நிற்கும் கலங்கல் நீரில் வையுங்கள். அதற்கு முன்பு பி.எச். 4, 7 என்று அளவு தெரிந்த இரண்டு பஃபர் கரைசலிலும் மீட்டரைச் சரிபார்த்தே ஆக வேண்டும். குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தினால் அதில் உள்ள உப்பும் காரமும் சேர்ந்துதான் எண்ணாக வரும்.

மண்ணில் நேரடியாகக் குத்திப் பார்க்கும் இரட்டைக் கம்பி மீட்டரை நம்ப வேண்டாம். பேட்டரி இல்லாமல் ஓடும் அந்தக் கருவி, ஈரம் கூடினால் ஒன்று, குறைந்தால் ஒன்று காட்டும்.

பெரும்பாலான காய்கறிகளுக்கு 6 முதல் 7 வரை நல்லது. 7.5-ஐத் தாண்டினால் கொஞ்சம் உலர்ந்த மண்ணில் வினிகரை ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு மண். அடுத்து என்ன செய்யலாம், எதில் கைவைக்கவே கூடாது என்பதை இந்த நுரைதான் முடிவு செய்யும்.

* * *

மாதிரியை அனுப்பியதற்கு அடுத்த கட்டம், ஆய்வக அறிக்கையை எப்படிப் படிப்பது என்பது. அதில் எண்கள் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று இருக்கும். நம்மிடம் இருப்பதோ நான்கு பாத்தி. பத்தால் வகுத்தால் போதும்: ஹெக்டேருக்கு 100 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 10 கிராம். ஏக்கர் கணக்கில் இருந்தால் நான்கால் வகுங்கள்: ஏக்கருக்கு 100 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25 கிராம். பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று கொடுத்திருந்தால், 15 செ.மீ. ஆழ மண்ணுக்கு 2.24-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு உள்ள கிலோ வரும்.

ஒரு கணக்கு: 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், பாத்தி 3.6 சதுர மீட்டர். பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 75, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 100, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாத்திக்குத் தேவை முறையே 27, 36, 18 கிராம். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், ஆக 59 கிராம். சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 சதவீதம், ஆக 225 கிராம். மியூரேட் ஆஃப் பொட்டாஷில் 60 சதவீதம், ஆக 30 கிராம். கைப்பிடிக் கணக்கில் போடுபவர்கள் ஒருமுறை இந்த 59 கிராமைத் தராசில் வைத்துப் பாருங்கள். இவ்வளவுதானா என்று தோன்றும். அதையும் ஒரே நாளில் போடக்கூடாது. பாதி அடியுரமாக, மீதி நட்ட 30-ம் நாள் வாக்கில். சூப்பர் பாஸ்பேட் முழுவதும் அடியுரம்தான். மணிச்சத்து மண்ணில் நகராது என்பதால் மேலே தூவினால் வேருக்கு எட்டாது.

தொழு உரம் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ போட்டால் இந்தப் பாத்திக்கு 9 கிலோ. அதில் அரை சதவீதம் தழைச்சத்து என்றாலும் 45 கிராம் இருக்கிறது. ஆனால் முதல் பருவத்தில் செடிக்குக் கிடைப்பது கால் முதல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 11 முதல் 15 கிராம். எனவே யூரியாவை ஏறக்குறைய 30 கிராமாகக் குறைக்கலாம். பரிந்துரையே தொழு உரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டதாக இருந்தால் இப்படிக் குறைக்கக் கூடாது. அறிக்கையின் அடிக்குறிப்பைப் பார்க்காமல் கழிக்காதீர்கள்.

* * *

யூரியாவைப் பற்றி இரண்டு வரி. மண் மேல் தூவி அப்படியே விட்டால் அம்மோனியாவாக ஆவியாகிப் போகும். கார மண்ணில் இன்னும் வேகமாக. தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிக் கீறி, போட்டு, மூடி, உடனே தண்ணீர் விட வேண்டும். சாம்பலும் சுண்ணாம்பும் யூரியாவும் ஒரே நாளில் சேரவே கூடாது.

* * *

பல வருடம் எரு போட்டு வளர்த்த தோட்டங்களின் அறிக்கையில் அடிக்கடி தென்படுவது மணிச்சத்தின் குறைவு அல்ல, மிகுதி. கோழி எரு, எலும்புத்தூள், டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) என்று எது கிடைத்தாலும் போட்டுக்கொண்டே போவதன் விளைவு. மணிச்சத்து நகராததால் வருடாவருடம் சேர்ந்துகொண்டே வரும். சேர்ந்தது, வேர் துத்தநாகத்தையும் இரும்பையும் எடுப்பதைக் கெடுக்கும். செடி வெளுக்கும். வெளுத்த செடியைப் பார்த்து இன்னொரு கை உரம் விழும். அறிக்கையில் மணிச்சத்து ‘அதிகம்’ என்று வந்தால் அதை அடியோடு நிறுத்துங்கள். தழைச்சத்துக்கு வேப்பம்புண்ணாக்கோ யூரியாவோ மட்டும் போதும். கோழி எருவைக் கொஞ்ச காலம் மறந்துவிடலாம். என்னைக் கேட்டால், எதை வாங்கக் கூடாது என்று சொல்வதற்காகவே பரிசோதனைக்குச் செலவழிக்கலாம்.

* * *

பி.எச். திருத்துவது பொறுமையான வேலை. அமில மண்ணாக இருந்தால் சுண்ணாம்புக்கல் தூள். 5.5-லிருந்து 6.5-க்கு உயர்த்த மணற்பாங்கான மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் ஆகும், களிமண்ணுக்கு அதைப் போல் இரண்டு மடங்கு. 250 கிராமுக்கு மேல் தேவைப்பட்டால் இரண்டு தவணையாகப் பிரித்து, நடவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கொத்திக் கலக்க வேண்டும். ஜிப்சம் பி.எச்.-ஐ உயர்த்தாது. அது சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கானது. இரண்டும் வெள்ளைத் தூளாக இருப்பதால் குழப்பிக்கொள்கிறார்கள்.

கார மண்ணுக்குக் கந்தகம் என்பார்கள். வினிகரில் நுரைக்காத மண்ணில் சதுர மீட்டருக்கு 50 முதல் 100 கிராம் வேலை செய்யும். பாக்டீரியாதான் கந்தகத்தை அமிலமாக மாற்றுகிறது என்பதால் ஈரமும் சூடும் சில மாதங்களும் வேண்டும். நுரைக்கும் மண்ணிலோ கணக்கே வேறு. ஒரு சதுர மீட்டரில் 15 செ.மீ. ஆழத்துக்கு 200 கிலோவுக்கு மேல் மண் இருக்கிறது. அதில் 1 சதவீதம் சுண்ணாம்பு என்றாலே 2 கிலோ. அதைக் கரைக்க மட்டும் 600 கிராமுக்கு மேல் கந்தகம் ஆகும். பல மண்ணில் சுண்ணாம்பு 5 சதவீதத்தைத் தாண்டும். அங்கே பி.எச்.-ஐ மாற்றும் ஆசையை விட்டுவிட்டு மக்கிய உரத்தைக் கூட்டுவதுதான் வழி. காரத்தைக் கூட்டும் சாம்பல் மட்டும் வேண்டாம்.

* * *

நுரைக்கும் மண்ணில் இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறைபாடு. அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டால் அங்கேயே கட்டுண்டு போகும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலையில் தெளியுங்கள். மண் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு வாங்குங்கள், இ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் நிலைக்காது. அடியில் உள்ள முதிர்ந்த இலை முழுவதும் வெளுத்தால் தழைச்சத்து. முதிர்ந்த இலையின் ஓரம் கருகினால் சாம்பல்சத்து.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதற்கு எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) போடும் பழக்கத்தை விடுங்கள். அது கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. மக்னீசியம் கால்சியத்தோடு போட்டி போட்டு இன்னும் கெடுக்கும். முட்டை ஓடும் கார மண்ணில் கரையாது. பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர்தான்: இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக விடுவது. மூடாக்கு போட்டுச் சீராகப் பாய்ச்சினால் அடுத்து வரும் காய்கள் தப்பும்.

* * *

தொட்டி, வளர்ப்புப் பை வைத்திருப்பவர்களுக்கு பி.எச்.-ஐ விட இ.சி. (மின்கடத்தும் திறன்; கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) முக்கியம். அதே 1:2.5 கலவையில் இ.சி. மீட்டரை வைத்தால் 1 mS/cm-க்குக் கீழே இருக்க வேண்டும். 1-க்கு மேல் போனால் விதை முளைப்பு கெடும், 2-ஐத் தாண்டினால் வளர்ந்த செடியின் இலை நுனியும் கருகும். மண் மேல் வெள்ளைப் படிவும் உப்பின் அடையாளம். சரிசெய்ய, பையின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வடியவிடுங்கள். 20 லிட்டர் பைக்கு 40 லிட்டர். வடிந்த நீர் தட்டில் நின்றால் உப்பு திரும்ப மேலேறும், அதனால் தட்டை எடுத்துவிடுங்கள். தழைச்சத்தும் கழுவிப்போயிருக்கும் என்பதால் ஒரு வாரம் கழித்து லிட்டருக்கு 2 கிராம் 19:19:19 உரம் (மூன்று சத்தும் தலா 19 சதவீதம் உள்ளது) கரைத்து ஊற்றலாம்.

மக்காத தென்னை நார்க்கழிவு நிரம்பிய பையில் செடி வெளுத்தால் அதற்குக் காரணம் வேறு. நாரை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அங்கே கழுவக் கூடாது, தழைச்சத்துதான் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.