விறகடுப்புச் சூட்டை விசிறி வைத்து அடுத்த அறைக்குக் கொண்டுபோக முடியுமா? விதைநெல் ஈரமாகக் கிடக்கிறது

கோரையாற்றங்கரை கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் வழியில் உள்ளடங்கின கிராமம் எங்களுடையது. இந்தக் குறுவையில் ஒரு மா நிலத்தைத் தனியாக ஒதுக்கி விதைக்கென்றே பூங்கார் என்ற பாரம்பரிய நெல்லைப் போட்டிருந்தேன். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் வாங்கிய 2 கிலோ விதையிலிருந்து வந்தது. பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் ஐயா வைத்த வழக்கப்படி 2 கிலோ வாங்கினால் மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அதனால் இந்த நெல் எனக்கு வெறும் நெல் இல்லை, வாக்குக் கொடுத்த நெல்.

ஆள் வைத்து அறுத்து, அடித்து, களத்தில் கொட்டிய அன்று இரவே மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் போட்டு மூடியும் அடியில் தண்ணீர் ஓடிவிட்டது. மறுநாள் கொள்முதல் நிலையத்தில் ஒரு பிடியைக் கொடுத்து மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஈரப்பதம் 20 சதவீதம் காட்டியது. அங்கே விற்பதற்கு வழக்கமான வரம்பு 17. விதையாக வைக்க வேண்டுமென்றால் 13 வரைக்கும் இறங்கியாக வேண்டும். மொத்தம் 5 சிப்பம், 200 கிலோ. ஐப்பசி அடைமழையில் வெயிலை எங்கே தேடுவது?

வீட்டின் பின்கட்டில் மண்ணும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பெரிய விறகடுப்பு இருக்கிறது. 2018 கஜா புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்தோமே, அப்போது கட்டியது. 4 அங்குலப் புகைக்குழாய் ஓட்டுக்கு மேலே போகிறது. நெல் அவிக்கவும் வெந்நீர் போடவும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். அதற்கு ஒட்டினாற்போல் நெல் அறை. மச்சு போட்ட அறை, பத்தாயம் இருக்கும் இடம். அடுப்பறை கொதிக்கிறது, நெல் அறை ஜில்லென்று கிடக்கிறது. நடுவில் ஒரே ஒரு குட்டை வாசல்.

நேற்று ஸ்டாண்ட் ஃபேனை அடுப்புக்குப் பின்னால் நிறுத்தி, நெல் அறைப் பக்கம் திருப்பி, முழு வேகத்தில் விட்டேன். தழல் வளைந்து வெளியே நாக்கை நீட்டியது. சாம்பல் முழுக்க நெல்லின் மேல். அரை மணி நேரத்தில் அந்த அறையில் ஏறியது 1 டிகிரிதான். அம்மா பயந்து போய் விசிறியை அணைத்துவிட்டார்.

கரண்ட் இல்லாமல் அடுப்புச் சூட்டிலேயே சுற்றும் சின்ன விசிறி ஒன்று இணையத்தில் விற்கிறார்கள். அதை வாங்கலாமா? அல்லது விசிறியை வேறு எங்கே வைக்க வேண்டும்? நெல்லைக் குவித்து வைத்தால் சூடேறி முளை கிளம்பிவிடும், இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பாபநாசம் அத்தை:

தம்பி, முதல் காரியமாக விசிறியை அடுப்புப் பக்கம் காட்டாதே. காற்று பட்டால் விறகு வேகமாக எரிந்து தீர்ந்துபோகும், பொறி பறக்கும். ஓட்டு வீட்டில் பரண் மேலே வைக்கோலும் மட்டையும் வைத்திருப்போம், ஒரு பொறி போதும்.

விதைநெல்லை அடுப்பறைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றும் நினைக்காதே. விதை நெல்லுக்கு 43 டிகிரிக்கு மேல் சூடு ஆகாது. சாப்பாட்டு நெல் தாங்கும், விதைக்குள் இருக்கும் முளை தாங்காது. பார்க்கப் பளபளவென்று காய்ந்த நெல்லாக இருக்கும், நாற்றங்காலில் தெளித்தால் பாதி கிளம்பாது. எங்கள் வீட்டில் ஒரு வருஷம் அப்படி நடந்தது. அவிப்பு அடுப்பின் மேட்டில் ஒரு ராத்திரி முழுக்கப் பரப்பி வைத்துவிட்டார்கள். அந்த வருஷம் நாற்றுக்குப் பக்கத்து ஊரில் போய்க் கை நீட்டினோம்.

தரையில் கொட்டாதே, தரை ஈரத்தையும் நெல் வாங்கும். கயிற்றுக் கட்டில் இருக்கிறதா? அதன் மேல் பழைய வேட்டியை விரித்து 2 அங்குல கனத்துக்கு மேல் போகாமல் பரப்பு. கீழேயும் காற்று போகும், மேலேயும் போகும். மணிக்கு ஒரு தரம் கையால் கோதிவிடு. விசிறிக் கணக்கு எனக்குத் தெரியாது, நெல் கணக்கு தெரியும். 200 கிலோ நெல் 20லிருந்து 13க்கு இறங்க வேண்டும் என்றால் 16 லிட்டர் தண்ணீர் அதிலிருந்து வெளியே வர வேண்டும். பெரிய குடம் நிறையத் தண்ணீர்! அந்தத் தண்ணீர் எந்த வழியாக வீட்டை விட்டுப் போகும் என்று யோசித்தாயா? கதவு, சன்னல் எல்லாம் சாத்திவிட்டுச் சூடு ஏற்றினால் நெல் காயாது, வேகும்.


பனிநாட்டுத் திருவாரூரான்:

அண்ணே, நான் பிறந்தது திருவாரூர், இப்போது இருப்பது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில். இங்கே வீட்டுக்குள் இரும்பு விறகடுப்பு வைத்துத்தான் குளிர்காலத்தைத் தள்ளுகிறேன். நீங்கள் கேட்கும் கேள்வியோடு நான் 6 குளிர்காலம் மல்லுக்கட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் செய்ததைத்தான் முதல் வருஷம் நானும் செய்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் விசிறியை வைத்து, படுக்கையறைப் பக்கம் சூட்டைத் தள்ளப் பார்த்தேன். நடக்காது. சூடான காற்று இலேசானது, விசிறி எதிரே நிற்காமல் மேலே ஏறிக் கூரையைப் பிடித்துக்கொள்ளும். விசிறி இழுத்துத் தள்ளுவது தரைமட்டத்தில் இருக்கும் காற்றைத்தான்.

தலைகீழாகச் செய்யுங்கள். விசிறியைக் குளிர்ந்த அறையில், வாசலுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக வைத்து, அடுப்பறையைப் பார்த்துத் திருப்பிவிடுங்கள். வேகம் குறைவாக இருந்தால் போதும். குளிர்ந்த காற்று கனமானது, தரையில்தான் படுத்திருக்கும், அதைத் தள்ளுவது சுலபம். அது வாசலின் கீழ்ப்பாதி வழியாக அடுப்பறைக்குள் போனால், போன அளவுக்குச் சூடான காற்று வாசலின் மேல்பாதி வழியாகத் தானாக இந்தப் பக்கம் வந்தாக வேண்டும், வேறு வழி இல்லை. என் படுக்கையறையில் அப்படி வைத்து அரை மணியில் 3 டிகிரி ஏறியதைப் பார்த்தபோது என் மனைவி நம்பவே இல்லை.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு ஊதுவத்தி போதும். வாசல்படிக்குப் பக்கத்தில் பிடித்தால் புகை அடுப்பறைக்குள் போக வேண்டும். தலைக்கு மேலே பிடித்தால் உங்கள் பக்கம் வர வேண்டும். இரண்டும் ஒரே திசையில் போனால் விசிறி வேகம் அதிகம், குறையுங்கள்.

சூட்டில் சுற்றும் அந்தச் சின்ன விசிறி உங்களுக்கு வேண்டாம். அதன் அடித்தட்டுக்கும் மேலே இருக்கும் உலோக இறக்கைகளுக்கும் இடையே உள்ள வெப்ப வித்தியாசத்தில்தான் அதற்கு மின்சாரம் பிறக்கிறது. தட்டையான, நன்றாகக் கொதிக்கும் இரும்பு மேல்தட்டு வேண்டும். மண் அடுப்பில் அதை எங்கே உட்கார வைப்பீர்கள்? இரும்பு அடுப்பிலும்கூட அது தரும் காற்று கொஞ்சம்தான், அடுத்த அறை வரைக்கும் வராது.

இன்னொன்று, இதைச் சொல்லும்போது எனக்கு ஊர் ஞாபகம் வருகிறது. இங்கே அடுப்பு மூட்டினால் வீட்டுக் காற்று மிகவும் வறண்டு உதடு வெடிக்கும், அதனால் அடுப்பின் மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைக்கிறோம். எங்களுக்குத் தொல்லையாக இருக்கும் அதே சங்கதிதான் உங்கள் நெல்லுக்கு வேண்டியது. 27 டிகிரியில் 90 சதவீத ஈரத்தோடு இருக்கும் ஐப்பசிக் காற்றை 37 டிகிரிக்குச் சூடாக்கினால், அதில் உள்ள தண்ணீர் அப்படியே இருந்தாலும் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்தக் காற்று நெல்லிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சின காற்றை வெளியே விட்டுப் புதுக் காற்றைக் கொண்டுவர வேண்டும். அத்தை சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

கார்பன் மோனாக்சைடை மறக்காதீர்கள். நிறம் இல்லை, வாசனை இல்லை. விறகடுப்பு உள்ள வீட்டில் அதற்கு அலாரம் வைக்க வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. தழல் கனலும் இரவில் அந்த இரண்டு அறையிலும் யாரும் படுக்கக் கூடாது. அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.


கும்பகோணம் மின்வேலை:

மேலே சொன்ன யோசனை நல்ல யோசனை. நம் பழைய வீடுகளில் அதற்கு ஒரு தடை உண்டு. வாசல் நிலை ஐந்தரை அடிதான் இருக்கும், ஓட்டுக்கூரை அதற்கு மேலே எட்டுப் பத்து அடி போகும். நிலைக்கு மேலே இருக்கும் சுவர் சூட்டை அடுப்பறையிலேயே அடைத்துவிடும், வாசல் வழியாக வருவது மிச்சம் மீதிதான். நிலைச்சட்டத்துக்கு ஒரு அடி மேலே சுவரில் நாலு செங்கல்லை எடுத்துவிடுங்கள். கொத்தனாருக்கு ஒரு மணி நேர வேலை.

அடுப்பறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். கூடாது. அது அறையிலிருந்து காற்றை உறிஞ்சினால் ஈடுகட்டப் புகைக்குழாய் வழியாகவே காற்று கீழே இறங்கும், புகை முழுக்க வீட்டுக்குள். நெல் அறையிலிருந்து தள்ளும் விசிறி அதற்கு நேர்மாறு, குழாய்க்கு உதவிதான் செய்யும். ஈரக் காற்று போக நெல் அறைச் சாளரத்தை மேல்பக்கமாகக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

50 வாட்ஸ் டேபிள் ஃபேன் போதும். ஒயர் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. ஈரத் தரையில் ஜங்ஷன் பாக்ஸைக் கீழே வைக்காமல் சுவரில் மாட்டுங்கள். அந்தச் சுவர்ப் பிளக்குக்கு எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள்.


கோரையாற்றங்கரை:

அத்தைக்கும் தம்பிக்கும் மின்வேலை அண்ணனுக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க எனக்கு மனசு இல்லை. நடந்ததை முழுக்க எழுதுகிறேன்.

அன்று சாயங்காலமே நிலைக்கு மேலே நாலு செங்கல்லை எடுத்தேன். சுண்ணாம்புக் காரை, உளி வைத்துத் தட்டியதும் பிள்ளை பல் மாதிரி வந்துவிட்டது. துவாரத்தில் கை வைத்தால் சுள்ளென்று காற்று. அவ்வளவு சூட்டையும் இத்தனை வருஷம் ஓட்டு இடுக்கு வழியாக வானத்துக்குக் கொடுத்திருக்கிறோம்.

நெல் அறைக்குக் கயிற்றுக் கட்டில் மூன்றைக் கொண்டுபோனேன். இடம் போதவில்லை, மீதி நெல்லுக்கு மூங்கில் தட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து அதில் பரப்பினேன். பேரப்பிள்ளை படிக்கும் மேசையிலிருந்த டேபிள் ஃபேனை வாசற்படி ஓரம் தரையில் வைத்து, அடுப்பறையைப் பார்த்து, முதல் வேகத்தில் விட்டேன். ஊதுவத்தியை அம்மாதான் பிடித்தார். கீழே பிடித்தபோது புகை அடுப்பறைக்குள் ஓடியது. ஸ்டூல் போட்டு ஏறித் துவாரத்துக்கு நேரே பிடித்தபோது புகை எங்கள் முகத்துக்கு வந்தது. அம்மா சிரித்த சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது.

சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்று, ஈரப்பதமும் காட்டுவது, வாங்கி வந்திருந்தேன். ஆரம்பத்தில் நெல் அறையில் 27 டிகிரி, ஈரம் 88. ஒரு மணி நேரத்தில் 33, பிறகு 35ல் போய் நின்றது. ஈரம் 60க்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு முறை சாளரத்தைக் காற்று சாத்திவிட்டது, கொஞ்ச நேரத்தில் ஈரம் 70 தாண்டியது. குச்சி வைத்து நிறுத்தினேன், இறங்கியது. கட்டிலின் மேல் நெல்லுக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன், 34க்கு மேல் போகவே இல்லை. அத்தை சொன்ன 43க்கு ரொம்பக் கீழே.

முதல் நாள் ஈரமான புளிய விறகைப் போட்டுத் தப்புச் செய்தேன். புகை அடைத்தது, துவாரம் வழியாக இந்தப் பக்கமும் கொஞ்சம் வந்தது. அப்புறம் காய்ந்த கருவையும் தென்னை மட்டையும் கொட்டாங்குச்சியும் மட்டும்தான். காலை ஆறு மணியிலிருந்து மதியம் வரை ஒரு தவணை, சாயங்காலம் கொஞ்ச நேரம். ராத்திரி தழலை அணைத்துவிட்டு விசிறியையும் நிறுத்திச் சாளரத்தைச் சாத்தினேன், இல்லாவிட்டால் வெளி ஈரம் மறுபடி நெல்லில் ஏறும். அம்மா படுக்கையை முன்கூடத்துக்கு மாற்றிவிட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தேன். டக் என்று முறிந்தது. முதல் நாள் கடித்தபோது பிசின் மாதிரி நசுங்கியது. தராசில் போட்டால் 200 கிலோ 185 ஆகியிருந்தது. கொள்முதல் நிலையத்து மீட்டரில் 13.2. இன்னும் அரை நாள் ஓட்டிவிட்டுக் கட்டினேன்.

உடனே எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. காய்ந்தது தெரியும், உயிர் இருக்கிறதா என்று தெரிய வேண்டாமா? மூன்று வாரம் பொறுத்து 100 நெல்லை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி வைத்தேன். சான்று பெற்ற விதைக்கே முளைப்பு 80 இருந்தால் போதும் என்பார்கள். துணியைப் பிரித்து நானும் அம்மாவும் தனித்தனியாக எண்ணினோம். நான் 92 என்றேன், அம்மா 93 என்றார். திரும்ப எண்ணவில்லை.

துவாரத்துக்குப் பலகையில் ஒரு மூடி செய்து மாட்டியிருக்கிறேன், வேண்டும்போது திறக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் உளுந்து காயவைக்க இடம் கேட்டிருக்கிறார். ஆதிரெங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய 4 கிலோவைத் துணிப்பையில் கட்டி, பத்தாயத்தின் மேல் தட்டில் தனியாக வைத்திருக்கிறேன்.


பாபநாசம் அத்தை:

93 என்றே எழுதிக்கொள் தம்பி. பையில் வேப்பிலை போட்டாயா? நன்றாகக் காய்ந்த இலையாகப் போடு. பச்சை இலை போட்டால் அந்த ஈரம் நெல்லுக்கு ஏறிவிடும்.