விருந்தில் கேண்டிட் படம்: ஃப்ளாஷ் மாட்டலாமா, கூடாதா?

குரோம்பேட்டைக்காரன்

அடுத்த மாசம் அக்கா மகளுக்கு முதல் பிறந்தநாள். சின்ன ஏசி ஹால், சாயங்காலம் ஆறரைக்கு மேல். மேடைப் படங்களுக்கு ஸ்டுடியோ ஆள் வருகிறார். எனக்கு வேண்டியது மேடைக்குக் கீழே நடப்பது: பெரியவர்கள் அரட்டை, பலூனுக்குச் சண்டை போடும் வாண்டுகள், வாய் நிறைய கேக்கோடு சிரிக்கும் சித்தி. கேமரா ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமை விடச் சின்ன சென்சார்) மிரர்லெஸ், கூட வந்த கிட் லென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. பட்ஜெட்டுக்குள் ஒன்றுதான் வாங்க முடியும்: அகலமாகத் திறந்து நிறைய வெளிச்சம் வாங்கும் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், இல்லையென்றால் மேலே மாட்டும் ஃப்ளாஷ். எதை வாங்கலாம்? ஃப்ளாஷ் மின்னிவிட்டால் அப்புறம் அது கேண்டிட்தானா, போஸ் இல்லாத இயல்பான படம்தானா?

இயல்பொளி

சந்தேகமே வேண்டாம், லென்ஸ். ஃப்ளாஷ் ஒரு தடவை மின்னியதுமே மாமா காலரைச் சரிசெய்வார், அத்தை முந்தானையை இழுத்துவிடுவார், பிள்ளைகள் இரண்டு விரலை நீட்டுவார்கள். அதற்கப்புறம் நீங்கள் எடுப்பதெல்லாம் போஸ். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெஸ்ஸோன் ஃப்ளாஷை அண்டவிடாதவர். அவர் படங்களில் மனிதர்கள் மனிதர்களாகவே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எஃப் 1.8, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) 3200, ஷட்டர் 1/125 நொடி வைத்து எடுங்கள். இன்றைய கேமராக்களுக்கு 3200 ஒரு விஷயமே இல்லை. நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியான கரகரப்பு, தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், முகத்தில் உயிர் இருக்கும்.

மண்டபத்து ஃப்ளாஷ்

கல்யாண வீடுகளில் கேமரா தூக்கிப் பிழைப்பவன் நான். நண்பர் சொல்வது ஜன்னலோரத்துக்குச் சரி. ஏசி ஹாலில் ஜன்னல் ஏது? ஃபால்ஸ் சீலிங்கில் வரிசையாக டவுன்லைட் இருக்கும். அதற்கு நேர் கீழே நிற்பவரைக் கவனியுங்கள். நெற்றி வெளுத்திருக்கும், கண் குழி இரண்டும் கறுத்திருக்கும், மூக்கு நிழல் உதட்டில் விழும். லென்ஸை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் அந்தக் குழி அப்படியேதான் இருக்கும். வெளிச்சத்தின் அளவு கூடுமே தவிர திசை மாறாது.

ஃப்ளாஷ் தலை திரும்பும் என்பதே பலருக்கு மறந்துவிடுகிறது. அதைப் பக்கவாட்டில் மேல்நோக்கித் திருப்பி, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் அடியுங்கள். அந்த மூலையே பெரிய விளக்காகிவிடும். வெளிச்சம் பக்கத்திலிருந்து மெதுவாக வரும், கண் குழி நிரம்பும். பல்பு நேராகக் கண்ணில் படாததால் பேச்சில் மும்முரமாக இருப்பவர் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நேர் மேலே மட்டும் அடிக்காதீர்கள், டவுன்லைட் செய்யும் அதே வேலையை அதுவும் செய்யும்.

அப்புறம், எஃப் 1.8 என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். ஏபிஎஸ்-சியில் 50 எம்எம், இரண்டு மீட்டர் தூரம், எஃப் 1.8 என்றால் ஃபோகஸில் நிற்கும் ஆழம் சுமார் 11 செ.மீ. தான். காதோடு காதாகப் பேசும் இரண்டு பேரில் ஒருத்தர்தான் தெளிவாக வருவார்.

இயல்பொளி

ஒருத்தர் தெளிவாக, இன்னொருத்தர் கொஞ்சம் கரைந்து. அதில் என்ன குறை? கேட்பவரின் முகம்தான் படம், பேசுபவரின் காது இல்லை.

திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்கிறீர்கள். சின்ன ஹாலில் மூலையில் அடித்தால் அறை முழுக்கச் சுளீரென்று வெளுக்கிறதே, அது யாருக்கும் தெரியாதா? இன்னொன்று, ஃப்ளாஷ் போட்ட விருந்துப் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. முன்னால் நிற்பவர் பளிச், பின்னால் கும்மிருட்டு. சீரியல் பல்பு போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, அவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்த வெளிச்சத்தைக் கொன்றுவிட்டு நம் வெளிச்சத்தை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நேர் ஃப்ளாஷில் விபூதிப் பட்டை வெள்ளைக் கோடாக எரிவதையும், பவுடர் போட்ட முகம் சாம்பல் பூத்து நிற்பதையும் பார்க்காத குடும்ப ஆல்பம் நம் ஊரில் உண்டா?

மண்டபத்து ஃப்ளாஷ்

நேர் ஃப்ளாஷை நானும் ஆதரிக்கவில்லை. கும்மிருட்டுக்கு வருகிறேன். அது ஃப்ளாஷின் குற்றமில்லை, ஷட்டரை 1/200இல் வைத்தவரின் குற்றம். நேராக அடிக்கும்போது ஒரு மீட்டரில் நிற்பவருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்குதான் நாலு மீட்டரில் நிற்பவருக்குப் போகும். பின்னணியை ஃப்ளாஷால் நிரப்பவே முடியாது. ஹாலின் சொந்த வெளிச்சம்தான் நிரப்ப வேண்டும். ஷட்டரை 1/60க்கு இறக்குங்கள், ஐஎஸ்ஓ 1600 வையுங்கள். சீரியல் பல்பும் வரும், மெழுகுவர்த்தியும் வரும். குறைந்த பவரில் ஃப்ளாஷ் மின்னுவது நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ, அதனால் ஓடுகிற பிள்ளையின் முகம் அந்த இடத்தில் உறைந்துவிடும். ஓரத்தில் லேசாக ஒரு இழுப்பு தெரிந்தால் அதுவும் அழகுதான்.

நிறம் ஒன்றுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். ஃப்ளாஷ் 5500 கெல்வின் பக்கம் இருக்கும், மஞ்சள் பல்பு 3000 பக்கம். முகம் நீலமாகவும் பின்னால் மஞ்சளாகவும் பிரிந்து நிற்கும். ஃப்ளாஷ் முகத்தில் ஆரஞ்சு ஜெல் (நிறத் தாள்) ஒட்டி, கேமராவில் நிறத்தைச் சமன் செய்யும் ஒயிட் பேலன்ஸை பல்புக்கு வைத்தால் தீர்ந்தது.

தெம்பனிஸ் தமிழ்

இரண்டு பேரும் எந்த ஹாலைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் எடுப்பதெல்லாம் சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு விருந்துகள். கூரை 2.6 மீட்டர் உயரம், சுண்ணாம்பு வெள்ளை. ஃப்ளாஷ்காரருக்குச் சொர்க்கம். கால்வாசி பவர்கூடத் தேவைப்படாது. அதே ஃப்ளாஷை உயரமான கல்யாண மண்டபத்தில் மேலே அடித்தால் வெளிச்சம் போய்த் திரும்புவதற்குள் ஒன்றும் மிஞ்சாது. பேட்டரிதான் தீரும்.

இயல்பொளிக்கு ஒரு கேள்வி. மலிவான எல்இடி விளக்குகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு நூறு தடவை துடிக்கும். பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்று ஷட்டரை 1/500க்கு ஏற்றினால், அதிலும் எலக்ட்ரானிக் ஷட்டரில், படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். 1/100இல் நின்றால் பட்டை போகும், ஓடுகிற பிள்ளை கலங்கும். இதற்கு உங்கள் லென்ஸ் என்ன செய்யும்?

மண்டபத்தாருக்கும் ஒன்று. கேமராவே ஃப்ளாஷ் அளவை முடிவு செய்யும் டிடிஎல்லில் போட்டால் நிஜ மின்னலுக்கு முன்னால் அளவெடுக்க ஒரு குட்டி மின்னல் வரும். சிலருக்கு அதிலேயே இமை மூட ஆரம்பித்துவிடும், படத்தில் தூங்கி வழிவார்கள். வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் ஃப்ரேமை அடைத்துக்கொண்டு நின்றால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் கறுக்கும். நம் ஆட்களுக்கு இது எப்போதும் நடப்பது.

இயல்பொளி

1/100இல் நின்றுகொண்டு, பிள்ளை நிற்கும் நொடிக்குக் காத்திருக்கும். எந்தப் பிள்ளையும் இடைவிடாமல் ஓடுவதில்லை.

மண்டபத்து ஃப்ளாஷ்

வேட்டி விஷயம் உண்மை. நான் விருந்தில் டிடிஎல் வைப்பதே இல்லை. ஒரு மூலைக்கு மேனுவலில் பவரை வைத்துவிட்டால் அந்தப் பகுதி முழுக்க அதே அளவுதான், குட்டி மின்னலும் கிடையாது. இடம் மாறும்போது ஒரு முறை சரிபார்த்தால் போதும்.

நிலாமதி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் கேமராவுக்குப் பின்னால் நிற்பவள் இல்லை, முன்னால் மாட்டிக்கொள்பவள்.

எங்கள் வீட்டு ரிசப்ஷனில் பாட்டி கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்திருந்தார். போட்டோகிராபர் ஃப்ளாஷ் அடித்தார், அது அவரைப் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. வீடியோக்காரர் எல்இடி லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பந்தி பந்தியாக வந்தார் பாருங்கள், பாட்டி இலைக்கு மேல் ஒரு கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டார். அந்த விளக்கைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லையே? மின்னி மறைவதை விட விடாமல் எரிவதுதான் ஆளை விறைப்பாக்குகிறது.

என்னைக் கேட்டால், ஃப்ளாஷ் இருக்கிறதா இல்லையா என்று நான் பார்ப்பதில்லை. ஒருத்தர் என்னைக் குறிவைத்து ஐந்து நிமிஷமாக அங்கேயே நிற்கிறாரா என்றுதான் பார்ப்பேன். காத்திருக்கும் என்று பெருமையாகச் சொன்னாரே இயல்பொளி, அந்தக் காத்திருப்பு எதிரில் இருப்பவளுக்கு எப்படி இருக்கும் தெரியுமா? எடுத்தோம், சிரித்தோம், போனோம் என்று இருந்தால் ஃப்ளாஷ்கூடப் பரவாயில்லை. சாப்பாடு வாயில் இருக்கும் படத்தைக் கேட்காமல் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போடாமல் இருந்தால் இன்னும் பரவாயில்லை.

இயல்பொளி

நிலாமதி சொன்ன எல்இடி பற்றி முழுச் சம்மதம். காத்திருப்பது என்றால் முறைத்துக்கொண்டு நிற்பது இல்லை அம்மா. அவர்களோடு உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு இருப்பது. ஃப்ளாஷ் மாட்டிய கேமராவை மடியில் வைக்க முடியாது, அதன் தலை மேஜைக்கு மேல் எட்டிப் பார்க்கும். கருவி பெரிதாக ஆக ஆளும் விருந்தாளி நிலையிலிருந்து வேலைக்கு வந்தவர் நிலைக்கு மாறிவிடுகிறார். கேள்வி கேட்டவர் குழந்தைக்குத் தாய்மாமன், அவருக்கு அந்த உடுப்பு எதற்கு?

மண்டபத்து ஃப்ளாஷ்

தாய்மாமன் என்பதால்தான் சலுகை. தாய்மாமன் என்ன அடித்தாலும் கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் பழகிவிடும். முதலில் சும்மா நாலு படம் எடுத்து, அவர்கள் விரும்பும் போஸைக் கொடுக்கவிட்டு, திரையைக் காட்டிச் சிரிக்கவைத்துவிடுங்கள். அப்புறம் யாரும் உங்களைக் கவனிக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் லாரி ஃபிங்க் என்று ஒருவர் இருந்தார். நியூயார்க் மேட்டுக்குடி விருந்துகளையும் பென்சில்வேனியா கிராமத்துக் குடும்பங்களின் பிறந்தநாள்களையும் ஃப்ளாஷைக் கையில் பிடித்து, கேமராவிலிருந்து தள்ளி அடித்து எடுத்தவர். அந்தப் படங்களில் யாராவது போஸ் கொடுக்கிறார்களா, பாருங்கள்.

இயல்பொளி

பார்த்திருக்கிறேன். பிரமாதமான படங்கள்தான். ஆனால் அந்த வெளிச்சம் ஆட்களைப் பிடித்துச் சுவரில் அறைகிற வெளிச்சம். மேட்டுக்குடியை அப்படிக் காட்டலாம், சொந்தச் சித்தியை அப்படி எடுத்து ஃப்ரேம் போட்டுக் கொடுத்துப் பாருங்கள்.

குரோம்பேட்டைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஹாலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கூரை முழுக்க மெரூன் கலர் துணி கட்டியிருக்கிறார்கள், நடுவில் ஒரு சரவிளக்கு. ஒரு பக்கச் சுவர் மட்டும் வெள்ளை, அதை ஒட்டி ஸ்நாக்ஸ் கவுண்டர் போடப் போகிறார்களாம். இன்னொரு சந்தேகம். மாமாவிடம் ஃபிலிம் காலத்து ஃப்ளாஷ் ஒன்று இருக்கிறது. செலவில்லாமல் அதையே மாட்டிப் பார்க்கலாமா?

தெம்பனிஸ் தமிழ்

மாட்டாதீர்கள்! அந்தக் காலத்து ஃப்ளாஷ் சிலவற்றில் கேமராவைத் தொடும் முனையில் 200 வோல்ட்டுக்கு மேலேயே இருக்கும். இன்றைய கேமராவின் உள்சர்க்யூட் போய்விடும். மல்டிமீட்டரில் அளக்காமல் கிட்டே கொண்டுபோகவே வேண்டாம்.

மண்டபத்து ஃப்ளாஷ்

மெரூன் கூரையில் அடித்தால் முகமெல்லாம் மெரூன். கூரையை மறந்துவிடுங்கள். வெள்ளைச் சுவர் இருக்கிறதே, அது போதும். ஸ்நாக்ஸ் கவுண்டர் பக்கம் எல்லோரும் எப்படியும் வருவார்கள். சுவர் உங்களுக்கு இடதுபுறமோ வலதுபுறமோ இருக்கும்படி நின்று, ஃப்ளாஷ் தலையைச் சுவர் பக்கம் திருப்பி அடியுங்கள். சுவரிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள் இருப்பவர்கள் எல்லோரும் அருமையாக வருவார்கள். கிட் லென்ஸ் 55 எம்எம்மில் எஃப் 5.6 என்பதால் ஃப்ளாஷ் கொஞ்சம் மூச்சுவாங்கும், ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள்.

இயல்பொளி

ஆக, ஒரு ஹாலுக்கு நாலு சுவர், அதில் ஒன்றுக்குப் பக்கத்தில் மட்டும் ஃப்ளாஷ் வேலை செய்யும். மீதி ஹாலுக்கு? சரவிளக்குக்கு அடியில் வேண்டாம், இரண்டடி தள்ளி நின்று அதைப் பார்த்துத் திரும்பியிருக்கும் முகங்களை எடுங்கள். எஃப் 1.8க்கு அந்த வெளிச்சம் தாராளம்.

குரோம்பேட்டைக்காரன்

சரி, லென்ஸை வாங்கிவிடுகிறேன், ஃப்ளாஷை அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன். கவுண்டர் பக்கம் ஃப்ளாஷ், மற்ற இடத்தில் கழற்றிவிடுவேன்.

மண்டபத்து ஃப்ளாஷ்

வாடகைக்கு எடுக்கும்போது ஏஏ பேட்டரி போடுகிற மாடலா, லித்தியம் பேக்கா என்று கேளுங்கள். ஏஏ என்றால் சார்ஜ் செய்த செட் இரண்டு. பஜ்ஜி தட்டு வரும் நேரத்தில்தான் தீரும்.

நிலாமதி

அந்த பஜ்ஜிப் படங்களை எல்லாம் முதலில் சித்தியிடம் காட்டுங்கள்.